வடசேரி சோடாவும் அத்தையின் காப்பியும்

திருநெல்வேலியிலிருந்து போகும் பஸ் ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போதே முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு காற்று! இருபுறமும் காற்றாலைகள் சுழல, தோவாளைப் பூ வாசனை ஜன்னல் வழியே வந்தால் நாஞ்சில் நாடு வந்துவிட்டது என்று அர்த்தம். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால்தானோ என்னவோ, பேச்சிலும் சாப்பாட்டிலும் மலையாள வாசம் இன்னும் போகவில்லை.

வடசேரியில் இறங்கியதும் எனக்கு ஒரு நன்னாரி சோடா சர்பத் வேண்டும். கோலியை 'டப்'பென்று உள்ளே தள்ளி, பொங்கப் பொங்க ஊற்றித் தருவார்கள். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடுகிறது. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

அத்தை வீட்டில் எப்போதும் கருப்பட்டிக் காப்பிதான். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. சீனியைத் தொடமாட்டார்கள். ஆனால் கருப்பட்டிக் காப்பி மட்டும் தினம் நாலு தம்ளர்.

"கருப்பட்டிதானே மக்களே, அது ஒண்ணும் செய்யாது" என்பார்கள்.

இந்தத் தடவை ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே இனிப்புதான். நிறம்தான் கறுப்பு! டாக்டர் சொல்லியும் அத்தை கேட்கவில்லை. இனிப்பில்லாத கடுங்காப்பி கொடுத்தால், "கஷாயம் மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டார்கள்.

அப்போதுதான் வடசேரி சோடா ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் புரூக்ளின் நகரில் 'மன்ஹாட்டன் ஸ்பெஷல்' என்ற காப்பி சோடா 1895-லேயே வந்துவிட்டதாம். நாம் செய்தால் என்ன?

முதல் நாள் அசடு வழிந்தேன். டிகாக்ஷன் மேல் சோடாவை ஊற்ற, நுரை பொங்கி என் புதுச் சேலையெல்லாம் காப்பி! சோடாவை முதலில் ஊற்றி, டிகாக்ஷனை அதன்மேல் கரண்டி முதுகு வழியாக மெதுவாக விட வேண்டும். இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடு பட்டால் வாயு ஓடிவிடும். சிக்கரி கலக்காத தூள் நல்லது. பெரிய தம்ளரில் ஐஸ், முக்கால் பங்கு சோடா, நாலைந்து ஸ்பூன் கெட்டி டிகாக்ஷன், சில சொட்டு எலுமிச்சைச் சாறு, இவ்வளவுதான். டிகாக்ஷன் இறங்கும்போது ஒரு கிராம்பு போட்டுவைத்தேன். மாறாமலைக் கிராம்பாயிற்றே, வாசனை தூக்கியது. பால் மட்டும் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும். மீந்த சோடாவில் டிகாக்ஷனைக் கலந்து பாட்டிலை மூடியும் வைக்காதீர்கள். திறக்கும்போது முகத்தில் பீய்ச்சும். ஆப்ப சோடா வேறு, இந்தச் சோடா வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தம்ளர் அடியில் இரண்டு ஸ்பூன் கருப்பட்டிப் பாகு விட்டேன். வடிகட்டிய பிறகுதான், இல்லாவிட்டால் மண் கடிக்கும். நெஞ்செரிச்சல்காரர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு காப்பி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

அத்தை தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்கள். குமிழிகள் மூக்கில் தெறிக்க, குழந்தை மாதிரி சிரிப்பு. ஒரு வாய், இரண்டு வாய்...

"இனிப்பு போடல்லியா?"

"இல்லே அத்தே."

பதில் பேசாமல் தம்ளரைக் காலி செய்தார்கள். சாயங்காலம் பேரனைக் கூப்பிட்டு, "கடைக்குப் போனா ரெண்டு சோடா வாங்கிட்டு வா மக்கா" என்று சொன்னது அடுக்களை வரை கேட்டது.