தையல் மெஷினில் பிறந்த கரண்ட்

கஜா புயல் 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிந்து பார்த்தால், தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. மின்கம்பங்களும் கூடவே. அந்த ஓட்டு வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். தாய்க்குத் தையல் தொழில். மகள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார்.

ஓடு பறந்ததைக்கூட அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாம உசிரோட இருக்கோமா இல்லையான்னுகூட அவருக்குத் தெரியாதே பாப்பா" என்பதுதான் மூன்று நாளாக அவருடைய ஒரே புலம்பல். நான்காம் நாள், ஊருக்கு வெளியே மேட்டில் நின்றால் சிக்னல் கிடைக்கிறது என்று சேதி வந்தது. ஆனால் பட்டன் போன் எப்போதோ செத்துவிட்டது. ஜெனரேட்டர் இருந்த வீட்டில் போன்கள் குவியலாகக் கிடந்தன; முறை வர மறுநாள் ஆகும் என்றார்கள்.

மகளிடம் இருந்தது கல்லூரி புராஜெக்டுக்காகச் சேர்த்த சாமான்கள். காயலான் கடையில் வாங்கிய பழைய பிரின்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று. சின்ன ரோபோ வண்டிக்காக வாங்கிய சிவப்பு நிற எல்298என் மோட்டார் டிரைவர் போர்டு ஒன்று. ஒரு மல்டிமீட்டர்.

கரண்ட் கொடுத்தால் சுற்றும் மோட்டாரை நாம் சுற்றினால் அது கரண்ட் கொடுக்கும். சைக்கிள் டைனமோ மாதிரிதான். ஆனால் ஸ்டெப்பர் மோட்டாரில் வருவது ஏசி, முன்னும் பின்னுமாக அலையும் கரண்ட். போனுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டிசி. மாற்றித் தர டயோடுகள் வேண்டும். பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். ஆனால் கடை தஞ்சாவூரில். வழியெல்லாம் மரம்.

அப்போதுதான் அந்த போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிப்பைச் சுற்றிக் கறுப்பாக எட்டு டயோடுகள்! மோட்டாரை நிறுத்தும்போது அதன் சுருள் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைக்கும். அந்த உதை சிப்பைக் கொல்லாமல் சப்ளைப் பக்கம் திருப்பிவிடுவதற்காக வைத்த காவலாளிகள் அவை. அவற்றை இணைத்திருக்கும் விதத்தைக் காகிதத்தில் வரைந்தால், புத்தகத்தில் உள்ள பிரிட்ஜ் ரெக்டிஃபையர் படம் அப்படியே வருகிறது. நான்கு நான்காக இரண்டு பிரிட்ஜ். மோட்டாரிலும் இரண்டு சுருள். அப்படியானால் மோட்டாருக்குக் கரண்ட் போகும் வாசல் வழியாகவே கரண்டை உள்ளே விட்டால்?

"அடிபம்பு மாதிரிம்மா. கைப்பிடி மேலயும் கீழயும் போவுது, தண்ணி ஒரு பக்கமாத்தானே வருது? உள்ள வால்வு இருக்குல்ல, அதான் டயோடு."

(நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு: எல்298 சிப்புக்குள் டயோடு கிடையாது, போர்டில்தான் இருக்கிறது. எல்293டி என்ற சின்ன சிப்புக்கு உள்ளேயே உண்டு. ஆனால் அது 600 மில்லி ஆம்பியர்வரை வேலை செய்யும் சிப். அந்த அளவு ஓடும்போது ஒவ்வொரு டயோடும் 1.3 வோல்ட் வரை விழுங்கிவிடும். கரண்ட் எப்போதும் இரண்டு டயோடைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் நஷ்டம் இரட்டிப்பு.)

மோட்டாரில் நான்கு ஒயர். எது எதனோடு ஜோடி? இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டுத் தண்டைச் சுற்றினால், ஜோடியாக இருந்தால் முரண்டு பிடிக்கும். அப்படிக் கண்டுபிடித்து, ஒரு சுருளை முதல் இரண்டு அவுட்புட்டிலும் மற்றதை அடுத்த இரண்டிலும் மாட்டினாள். 12 வோல்ட் சப்ளை கொடுக்கும் முனையில் இப்போது டிசி வெளியே வர வேண்டும். போர்டிலேயே 5 வோல்ட் ரெகுலேட்டரும் இருப்பது கூடுதல் அதிர்ஷ்டம். போனுக்கு அதுதானே வேண்டும்.

கையால் சுற்றினால் வேகம் போதவில்லை. ரெகுலேட்டருக்கு மட்டுமே ஏழு வோல்ட் போல வேண்டும், டயோடு தின்பது தனி. மல்டிமீட்டர் மூன்றைத் தாண்டவில்லை. அம்மாதான் தையல் மெஷினைக் காட்டினார். மிதிக்கிற பெரிய சக்கரத்தின் தோல் பெல்ட்டை அறுத்துச் சுருக்கி, மோட்டார் தண்டில் இருந்த பிளாஸ்டிக் சக்கரத்தில் மாட்டினார்கள். பிழைப்பு நடத்தும் மெஷினின் பெல்ட்டை அறுக்கச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

மிதித்ததும் சக்கரம் கல்லாகக் கனத்தது. கொஞ்சம் யோசித்தபிறகு காரணம் புரிந்தது. உள்ளே வந்த கரண்டிலேயே சிப் விழித்துக்கொண்டு, தன் டிரான்சிஸ்டர்களைத் திறந்து சுருளை ஷார்ட் செய்துகொண்டிருந்தது. சிப் தூங்க வேண்டும், டயோடு மட்டும் வேலை செய்ய வேண்டும். எனேபிள் முனைகளில் இருந்த இரண்டு ஜம்பரையும் பிடுங்கிவிட்டு, அந்த முனைகளை கிரவுண்டோடு ஒயரால் கட்டினாள். "இப்ப மிதிம்மா."

5.02 என்றது மீட்டர்.

பழைய சார்ஜர் ஒயரை வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் இணைத்தாள். போன் திரையில் பேட்டரி படம் மினுங்கியது. அம்மா வேகம் குறைத்தால் மறையும், கூட்டினால் வரும். முக்கால் மணி நேரம் மிதித்ததில் ஒரு கோடு ஏறியது. நடுவில் மகள் மாற்றி மிதிக்கிறேன் என்றதற்கு, "நீ அந்த ஒயரப் பாத்துக்க" என்றார் அம்மா.

சாயங்காலம் இருவரும் மேட்டுக்குப் போனார்கள். மூன்றாவது தடவை ரிங் போனது. அந்தப் பக்கம் ஹலோ என்ற குரல் கேட்டதும் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. மகள்தான் போனை வாங்கி, "அப்பா, நாங்க நல்லா இருக்கோம். ஓடு மட்டுந்தான் போச்சு" என்றாள்.