பேச்சில் ஓர் ஆங்கிலம், ஏட்டில் ஓர் ஆங்கிலம்

தமிழகத்தை விட்டு இத்தலைநகரில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் மும்மொழிகள் ஒருங்கே புழங்குகின்றன. அடுக்களையில் தமிழ்; தெருவில் இந்தி; பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம். ஆகவே, மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் எழுப்பும் ஐயங்களுள் பல ஆங்கிலத்தைப் பற்றியனவாகவே இருக்கின்றன. 'ஓ.கே.' என்று கட்டுரையில் எழுதலாமா? 'கலர்' என்பதில் 'யூ' என்னும் எழுத்து வேண்டுமா, வேண்டாவா? 'வான்னா' என்பது ஒரு சொல்லா? இவற்றுக்கு நான் அறிந்த அளவில் விடை கூற விழைகிறேன்.

'ஓ.கே.' ஒரு வேடிக்கையில் பிறந்த சொல். 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் அது அச்சேறியது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அப்பிழையின் முதலெழுத்துகளைக் கோத்து நகைத்தனர் அக்காலத்தவர். மறு ஆண்டு நடைபெற்ற அமெரிக்கத் தலைவர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரன் போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் கிண்டர்ஹுக். அவரை 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று அழைத்த ஆதரவாளர்கள் அவ்விரண்டு எழுத்துகளையே முழக்கமாக்கினர். வான் பியூரன் தோற்றார், சொல் வென்றது! இவ்வரலாற்றை 1960-களில் ஆலன் வாக்கர் ரீடு என்னும் அறிஞர் ஆராய்ந்து நிறுவினார்.

எழுத்துக்கூட்டலின் கதை வேறு. 1755-இல் வெளிவந்த ஜான்சனின் அகராதி 'கலர்' என்பதில் 'யூ'வை வைத்துக்கொண்டது. 1828-இல் வெளிவந்த வெப்ஸ்டரின் அமெரிக்க அகராதி அதனை நீக்கியது. இரண்டும் பிழையல்ல. நம் பள்ளிகள் பெரும்பாலும் முன்னதையே பின்பற்றுகின்றன. கணிப்பொறி சிவப்புக் கோடிடுவதைக் கண்டு பிள்ளைகள் மருள வேண்டா. அது அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருக்கலாம். ஒரே கடிதத்தில் இரு முறைகளையும் கலவாதிருத்தலே நன்று.

இனி 'வான்னா'. 'வான்ட் டு' என்பதன் பேச்சுச் சுருக்கமே அது. தமிழருக்கு இதனை விளக்குதல் எளிது. 'வந்துட்டான்' என்று பேசுகிறோம். 'வந்துவிட்டான்' என்று எழுதுகிறோம். முன்னதைத் தவறென்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் விண்ணப்பத்தில் அதை எழுதுவதில்லை. அவ்வளவே.

சொல்லைப் பற்றிய ஐயம் சில வேளைகளில் மனிதரைப் பற்றிய ஏளனமாக மாறிவிடுகிறது. என் தந்தையார் 1969-இல் டில்லிக்கு வந்து, முப்பத்தேழு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் குறிப்பெழுதியவர். சென்ற ஆண்டு வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி, 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்தார். என் மகன் அதைப் படித்துச் சிரித்தான். "தாத்தா, இப்படி இப்போது யாருமே எழுதுவதில்லையே!" என்றான். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் வேறொரு கடிதம் எழுத வேண்டியிருந்தபோது, "நீயே எழுதிவிடப்பா" என்று என்னிடம் தாளை நீட்டினார்.

அன்றிரவு மகனை அருகிலமர்த்திச் சொன்னேன்: அத்தொடர் தாத்தா புனைந்ததன்று. ஆங்கிலேயரே எழுதிவந்தது, அவர் நாட்டில் வழக்கிழந்து, நம் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. இந்தியரிடையே வழங்கும் 'பிரிபோன்' என்னும் சொல்லோ இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. தாத்தாவின் ஆங்கிலம் பழையது, பிழையானதன்று. அந்த ஆங்கிலம் ஈட்டிய ஊதியத்தில்தான் இக்குடும்பம் இவ்வூரில் வேரூன்றியது.

அவன் சற்று நேரம் வாளாவிருந்தான். பிறகு தானாகவே எழுந்து சென்று, "அலுவலகத்தில் வேறு என்னவெல்லாம் எழுதுவீர்கள், தாத்தா?" என்று கேட்டான். நெடுநேரம் இருவர் குரலும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆங்கிலமும் பல ஊர் கண்ட மொழியே. நம் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் அது தன் அகராதியில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆதலின், ஒரு சொல் சரியா தவறா என்று பிள்ளைகள் கேட்குங்கால், யாருக்கு எழுதுகிறாய், எங்கே எழுதுகிறாய் என்று முதலில் கேட்போம். விடையில் பாதி அதிலேயே கிடைத்துவிடும். ஒருவர் சொல்லைத் திருத்தலாம். அதற்காக அவரை நாணச் செய்தல் ஆகாது என்பதையும் உடன் கற்பிப்போமாக.