பேர் இல்லாத மாத்திரை

 

தைப்பூசம் முடிஞ்சு இத்தனை நாள் கழிச்சு எழுதுறேன். சொல்ல வெட்கமா இருந்ததுதான் காரணம்.

நம்ம செந்தூல் கோவில்ல அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டுற மாமா ஒருத்தர். பேர் வேண்டாம். இந்த வருஷமும் வெள்ளி ரதத்தோட வெறுங்கால்ல பத்துமலை வரைக்கும் நடந்தார், கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். பாதத்தில் கொப்புளம் உடைஞ்சு புண்ணாயிருச்சு. அவருக்கு இனிப்பு நீர். காலில் உணர்ச்சி குறைவு, வலியே தெரியலை. "சின்னப் புண்ணுதான்பா"ன்னார். நான்தான் பெரிய டாக்டர் மாதிரி, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயோட்டிக் ஆறு கேப்சூல் கொடுத்தேன்.

நாலாம் நாள் குளிர் ஜுரம், பேச்சுக் குழறல். எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனோம். வாசலிலேயே பிரஷர் பார்த்துட்டு நேரா சிவப்புப் பகுதிக்குத் தள்ளிட்டாங்க. கிருமி ரத்தத்தில் கலந்து பிரஷர் இறங்கிருச்சு. இந்த நிலைமையில் ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து நரம்பில் ஏறணுமாம். அதுக்கு முன்னாடி, எந்தக் கிருமின்னு கண்டுபிடிக்க கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்தாங்க.

அந்த டாக்டர் பொண்ணு கேட்டது: "ஏற்கெனவே ஆன்டிபயோட்டிக் ஏதாவது சாப்பிட்டாரா? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

நான் வாயைத் திறக்கலை. ரெண்டாவது தடவை கேட்டப்பதான் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த அட்டையைக் காட்டினேன். கத்தரிக்கோலால் வெட்டின துண்டு. மருந்துப் பேர் இருந்த பக்கமே இல்லை. அவங்க திட்டலை. "முன்னாடியே சாப்பிட்டிருந்தா கல்ச்சர்ல கிருமி பிடிபடாமப் போகலாம் அங்கிள்"னு சொல்லிட்டு வேலையைப் பார்த்தாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை. பெனிசிலின் ஒத்துக்குமான்னு அத்தைக்குப் போன் போட்டா, அவங்களுக்கும் தெரியலை.

ஒரு விரலை எடுத்துட்டாங்க. மாமா பிழைச்சு வந்தது முருகன் புண்ணியம். ராத்திரி முழுக்க ஓடின அந்த டாக்டர், நர்சுங்க புண்ணியமும்தான்.

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டு இந்தியப் பெரியவங்கள்ல 10 பேருக்கு 3 பேர் இனிப்பு நீர்க்காரங்க. அர்ச்சனை வரிசையில நிக்கும்போது முன்னும் பின்னும் பாருங்க.

வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் இருப்பேன். உங்க மாத்திரைகளை, வெட்டாத அட்டையோட, கொண்டாங்க. பேர், எத்தனை மில்லிகிராம், எது ஒத்துக்காதுன்னு சீட்டில் எழுதி ஐசி பின்னாடி வச்சுக்கலாம். மருந்து ஒவ்வாமை உள்ளவங்க அரசாங்க மருத்துவமனை பார்மசியில் அதுக்கான கார்டு கேளுங்க. மிச்ச ஆன்டிபயோட்டிக்கை யாருக்கும் கொடுக்காதீங்க, என்னை மாதிரி.

மாமாவும் வருவார், வாசல் வரைக்கும் செருப்பு போட்டுக்கிட்டு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!