‘வரை’ என்னும் சொல்லும் ஒரு மெமரி கார்டும்

கள ஆய்வுக்குப் புறப்படும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: எந்தக் கேமரா வாங்கலாம், எந்த மைக் நல்லது. அந்தக் கேமராவுக்குள் செருகப்போகும் மெமரி கார்டைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் சேர்த்துக் கொடுத்தது, துறை அலமாரியில் கிடந்தது, நண்பரிடம் இரவல் வாங்கியது என ஏதோ ஒன்று உள்ளே போய்விடுகிறது. நாம் பதிவு செய்யும் ஒவ்வொரு சொல்லும் முதலில் சென்று சேரும் இடம் அஞ்சல்தலை அளவுள்ள அந்த அட்டைதான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாழும் புனே, மொழித் தரவுகளைச் சேர்த்து வைப்பதில் நீண்ட பழக்கமுள்ள ஊர். டெக்கன் கல்லூரியில் எஸ். எம். காத்ரே 1948இல் தொடங்கிய சமஸ்கிருத வரலாற்று அகராதித் திட்டத்திற்காக ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து எடுத்தெழுதிய சொற்சீட்டுகள் சுமார் ஒரு கோடி இருக்கின்றன. அவற்றைப் படிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும். இதே ஊரில்தான் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. 2003இல் ஏற்பட்ட தீ விபத்தில் அதன் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் பல எரிந்துபோயின. காகிதம் ஒரு குணம், நைட்ரேட் சுருள் இன்னொரு குணம். தரவு எத்தனை நாள் வாழும் என்பதைத் தரவின் மதிப்பு தீர்மானிப்பதில்லை. அது ஏறி அமரும் பொருளின் குணம்தான் தீர்மானிக்கிறது. அப்படியானால் மெமரி கார்டின் குணம் என்ன?

அதன் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. இந்த அட்டைகளுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி 1984இல் உலகுக்கு அறிவித்தது. அதற்கு ‘ஃபிளாஷ்’ என்று பெயர் சூட்டச் சொன்னவர் அவருடைய சக ஊழியர் ஷோஜி அரிஇசுமி. உள்ளடக்கம் முழுவதும் ஒரே கணத்தில் அழிந்துபோவது அவருக்குக் கேமராவின் மின்வெட்டொளியை நினைவூட்டியதாம். நாம் நினைவு என்று அழைக்கும் பொருளுக்குப் பெயர் வந்தது அழித்தலிலிருந்து. சொற்பிறப்பியல் படித்தவர்கள் இதைச் சற்று நேரம் மனத்தில் வைத்திருக்கலாம்.

இந்த நினைவகத்தில் சிறு சிறு பக்கங்களாக எழுதலாம். ஆனால் பக்கம் பக்கமாக அழிக்க முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு கட்டத்தை மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும். புதிய அட்டையில் வெற்றுக் கட்டங்கள் நிறைய இருப்பதால் எழுத்து தடையின்றி ஓடும். பாதி அழித்தும் பாதி வைத்தும் பழகிய அட்டையில், எஞ்சியிருக்கும் பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றி, கட்டத்தைத் துடைத்து, அதன் பிறகு எழுத வேண்டியிருக்கும். ஒரே அட்டை ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் மந்தமாகவும் இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

இனி அட்டையின் முகப்புக்கு வருவோம். அதை ஒரு பனுவலாகவே வாசிக்கலாம். பெரிய எழுத்தில் 95, 170, 200 என்று ஓர் எண் இருக்கும். அதனருகில், பெரும்பாலும் பொடி எழுத்தில், ‘வரை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். வணிகம் முழுவதும் அந்த ‘வரை’க்குள் ஒளிந்திருக்கிறது. நொடிக்கு 170 மெகாபைட் வரை என்றால் 170ஐத் தாண்டாது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். 20 ஆகக் குறைந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. மேலும், அந்த எண் பெரும்பாலும் வாசிக்கும் வேகத்தைக் குறிக்கும். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். வாசிக்கும் வேகம் பயன்படுவது, இரவில் அறைக்குத் திரும்பிக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும்போது மட்டுமே.

உறுதிமொழி வேறிடத்தில், சிறு குறியீடுகளாக அச்சிடப்பட்டிருக்கும். எஸ்டி அட்டைகளுக்கான தரத்தை 2000இல் தொடங்கப்பட்ட எஸ்டி சங்கம் வகுக்கிறது. ‘சி’ எழுத்துக்குள் 10 இருந்தால், தொடர்ந்து எழுதும்போது வேகம் நொடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது என்று பொருள். ‘யு’ எழுத்துக்குள் 1 இருந்தாலும் அதே 10தான். 3 இருந்தால் 30. ‘வி’ எழுத்தை அடுத்து 30, 60, 90 என வருவது காணொளிக்கான வகுப்பு; அந்த எண்ணே நொடிக்குரிய குறைந்தபட்ச மெகாபைட். ‘ஏ1’, ‘ஏ2’ என்பவை கைப்பேசிச் செயலிகளுக்கானவை; கேமராக்காரர்கள் அவற்றுக்காக அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ரோமன் எண் ஒன்றும் இரண்டும் அட்டையும் கேமராவும் பேசிக்கொள்ளும் பாதையைக் குறிப்பவை. முதல் பாதையின் உச்சம் நொடிக்கு 104 மெகாபைட், இரண்டாவதன் உச்சம் 312. இரண்டாம் வகை அட்டையின் பின்புறத்தில் மின்தொடு புள்ளிகள் இரண்டு வரிசையாக இருக்கும். அதை முதல் வகைப் பாதை மட்டுமே உள்ள கேமராவில் செருகினால் வேலை செய்யும். ஆனால் முதல் வகையின் வேகத்தில்தான்.

சுருக்கமாகச் சொன்னால், ‘வரை’ என்பது பெருமை; ‘குறையாது’ என்பது வாக்கு. திரும்ப நிகழாத ஒன்றைப் பதிவு செய்பவருக்கு வேண்டியது வாக்கு மட்டுமே.

இன்னொரு குழப்பம் பிட்டுக்கும் பைட்டுக்கும் இடையில் நிகழ்கிறது. கேமராவின் அமைப்புகளில் காணொளியின் தரம் மெகாபிட்டில் குறிக்கப்படும்; அட்டையின் வேகமோ மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக, 100 மெகாபிட் காணொளிக்கு நொடிக்கு 12.5 மெகாபைட் எழுதப்பட வேண்டும். ‘சி10’ அட்டை தரும் வாக்கு 10. இடைவெளி இரண்டரைதான். அதுவே போதும், பதிவு நின்றுபோக.

அப்படி நின்றதை ஒருமுறை நேரில் பார்த்தேன். யவத்மாள் மாவட்டத்தில் ஒரு கொலாமி குடியிருப்பு. கொலாமி நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் பேசப்படுகிறது. எமனோ 1930களில் இந்தியாவில் இருந்த காலத்தில் திரட்டிய தரவிலிருந்து எழுதிய கொலாமி இலக்கணம் 1955இல் வெளிவந்தது. நான் சொல்லும் நாளில், வேறொரு குழுவின் பதிவுப் பணிக்குக் குறிப்பெடுப்பவனாக மட்டும் உடன் சென்றிருந்தேன். எழுபதைக் கடந்த ஓர் ஆஜி, தங்கள் ஊர் எந்தெந்த இடங்களிலிருந்து பெயர்ந்து வந்தது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேமரா 100 மெகாபிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த அட்டையின் முகப்பில் பெரிய எண்ணாக 95. ஓரத்தில் வட்டத்துக்குள் 10. ஏழாவது நிமிடத்தில் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றிப் பதிவு நின்றது. எழுத வேண்டியவை அட்டைக்குள் இறங்க முடியாமல் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் தேங்கி, அதுவும் நிரம்பியிருந்தது. பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவுக் கருவி நிற்கவில்லை. ஆஜியும் நிறுத்தவில்லை, அவரை நிறுத்தச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

ஒலி முழுவதும் கிடைத்ததே, பிறகென்ன இழப்பு என்று கேட்கலாம். இழந்தது அவருடைய கை. ‘அங்கே’, ‘அதற்கும் அப்பால்’, ‘இதோ இந்தப் பக்கம்’ என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் கை ஒரு திசையைக் காட்டியது. எந்தச் சுட்டுச் சொல் எந்தத் தொலைவுக்கு உரியது, கண்ணுக்குத் தெரியும் குன்றுக்கு ஒன்றும் தெரியாத குன்றுக்கு வேறொன்றுமா என்பதெல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது. சுட்டின் அருமை தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைக் கூறுகிறது. உகரச் சுட்டு தமிழகத்தின் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது; யாழ்ப்பாணத் தமிழில் ‘உது’, ‘உவன்’ என வாழ்கிறது. அதன் பொருளை அகராதியிலிருந்து அறிவதைவிட, பேசுபவரின் கையும் கண்ணும் போகும் இடத்தைப் பார்த்து அறிவது எளிது. மறுநாள் ஆஜியிடம் மீண்டும் கேட்டபோது அவர் சொன்னார். ஆனால் சுருக்கமாக, வேறு வரிசையில், கை மடியில் கிடக்கச் சொன்னார். முதல் நாள் சொன்னதை மறுபடி சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

அப்படியென்றால் எல்லோரும் விலையுயர்ந்த அட்டையை வாங்க வேண்டுமா? வேண்டாம். இளநிலை ஆய்வு நிதி பெறும் கலைப்புல மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும் எதிர்பாராச் செலவுத் தொகை ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். அதற்குள்தான் புத்தகமும் பேருந்தும் நகலெடுப்பும். ஆகவே வேலையைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒலி மட்டும் பதிவு செய்பவருக்கு வேகமே தேவையில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதடச் சுருக்கா ஒலிக்கு நொடிக்கு 0.3 மெகாபைட்கூட ஆகாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். நம்பகமான எந்தச் ‘சி10’ அட்டையும் போதும். பழைய ஒலிப்பதிவுக் கருவிகள் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை ஏற்பதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். சுவடிகளை ஒளிப்படம் எடுப்பவரும் அஞ்ச வேண்டாம். ஏட்டைத் திருப்பி வைக்கும் நேரத்தில் மந்தமான அட்டையும் ஒரு படத்தை எழுதி முடித்துவிடும். காணொளிக்குத்தான் கணக்கு வேண்டும். 100 மெகாபிட் வரை ‘வி30’ தாராளம். 400 மெகாபிட் என்றால் நொடிக்கு 50 மெகாபைட், ‘வி60’ வேண்டும். ‘வி90’ தேவைப்படும் மொழியியல் ஆய்வு ஒன்றை நான் இன்னும் கண்டதில்லை. மாறாக, தரத்தை 50 மெகாபிட்டுக்கு இறக்கினாலும் கை, கண், உதடு தெளிவாகத் தெரியும். 64 ஜிபி அட்டையில் 100 மெகாபிட் காணொளி சுமார் 85 நிமிடம் கொள்ளும். 50 மெகாபிட்டில் அதுவே இரு மடங்கு. விதர்ப்பக் கிராமத்தில் அந்த இரு மடங்குக்கு இருக்கும் மதிப்பு, கூடுதல் கூர்மைக்கு இல்லை.

வாங்கிய அட்டை உண்மையானதா என்பது அடுத்த கேள்வி. 16 ஜிபி சில்லை 128 ஜிபி என்று கணினியை நம்பவைக்கும் போலிகள் உலகெங்கும் உலவுகின்றன. கொள்ளளவைத் தாண்டிய பிறகும் அவை எழுதுவதுபோலப் பாசாங்கு செய்யும். திறந்து பார்க்கும்போதுதான் வெறுமை தெரியும். தாப்கீர் கல்லியில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் ரசீது கேளுங்கள்; களத்துக்குப் போகும் முன் சோதியுங்கள். லினக்ஸ், மேக் கணினிகளில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவச நிரல்கள் அட்டை முழுவதும் எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடும். சில மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

பயன்படுத்தும் முறையிலும் சில பழக்கங்கள் உதவும். நகல்கள் உறுதியான பின், அட்டையைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். களத்தில் உட்கார்ந்து கோப்புகளை ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். இரண்டு அட்டை இடம் உள்ள கேமராவில் ஒரே பதிவை இரண்டிலும் எழுதவிடுங்கள். அப்போது மந்தமான அட்டைக்கு ஏற்பவே தரத்தை அமைக்க வேண்டும். காணொளியை மட்டும் பொறுக்காமல் கோப்புறை அமைப்பு முழுவதையும் படியெடுங்கள். தவறி அழிந்துவிட்டால் உடனே அட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். புதிதாக எதுவும் எழுதப்படாத வரையில் ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரல்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

பொருளின் குணம் தரவை வடிவமைக்கும் என்பதற்கும் நம் துறையிலேயே முன்னுதாரணம் உண்டு. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்காய்வுக்காக 1913 முதல் 1929 வரை எடுத்த கிராமஃபோன் பதிவுகளில் ஊதாரி மகன் கதை மொழிக்கு மொழி திரும்பத் திரும்ப வரும். இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே கொள்ளும். பேசுபவர் அதற்குள் அடங்க வேண்டும். நம் காலத்திலும் பல கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தாமாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்யும் கருவிக்கு ஐரோப்பியச் சுங்கம் காணொளிக் கேமராவுக்குரிய கூடுதல் வரி விதித்ததன் எச்சம் அது. கதை சொல்பவருக்கு அந்தச் சுங்கம் தெரியாது. நாம்தான் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும்.

எவ்வளவு நல்ல அட்டையானாலும் அது சுமந்து வரும் பை, களஞ்சியம் அல்ல. மின்சாரமின்றிக் கிடக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். அன்றைய பதிவு அன்றிரவே இரண்டு வன்தட்டுகளுக்குப் போக வேண்டும். அவற்றில் ஒன்று வேறொருவர் பையில் பயணம் செய்ய வேண்டும். ஊர் திரும்பியதும் மூன்றாவது நகல் ஓர் ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். மூன்றும் சரிபார்க்கப்படும் முன் அட்டையை அழிக்கக் கூடாது.

நான்காவது நகல் ஒன்றும் உண்டு. அதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். யவத்மாளிலிருந்து கிளம்பும்போது ஆஜியின் பேரன் கேட்டது ஒன்றுதான்: “பாட்டி பேசினதை என் ஃபோன்ல போட்டுத் தருவீங்களா?” அவனுடைய கைப்பேசியில் ஏற்கெனவே ஒரு பழைய மைக்ரோ எஸ்டி இருந்தது, பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு. ஒலிக்கோப்பைச் சுருக்கி, நின்றுபோன அந்த ஏழு நிமிடக் காணொளியையும் சேர்த்து, அதில் ஏற்றிக் கொடுத்தோம். நகலாகி முடிய வெகுநேரம் பிடித்தது. அவன் அவசரப்படவில்லை.