வள்ளுவர் வீட்டு ஏடுகள்

ஜோசியத்தை நான் நம்புவதில்லை. செவ்வாய் தோஷம் என்று சொல்லி நம்ம வீட்டுப் பெண்களை முப்பது வயசு வரைக்கும் உட்கார வைத்ததையும், பரிகாரம் என்று கூலிக்காரி முந்தியில் முடிந்து வைத்த துட்டைப் பிடுங்கியதையும் பார்த்து வளர்ந்தவன் நான். பெரியாரும் அம்பேத்கரும் கற்றுத் தந்ததில் இன்றைக்கும் மாற்றமில்லை. ஆனாலும் 2019-ல் செத்துப்போன என் கூட்டாளியைப் பற்றி எழுதியாக வேண்டும். அவன் ஜோசியக்காரன். வள்ளுவர் வீட்டுப் பிள்ளை.

வள்ளுவர் என்றால் வெளியே இருப்பவர்களுக்குக் குறள் எழுதினவர் ஒருத்தரைத்தான் தெரியும். சேரியில் பிறந்தவனுக்கு இன்னொரு வள்ளுவரையும் தெரியும். பிள்ளை பிறந்தால் நாள் நட்சத்திரம் எழுதுவார். கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுப்பார். கருமாதிக்கு வந்து நிற்பார். ஐயர் வராத தெருவுக்கு அவர்தான் ஐயர். 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகள் அவர்களைப் பறையர்களின் பூசாரிகள், ஜோசியர்கள் என்று குறிக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதர் அதற்கும் மேலே போனார். வள்ளுவர், சாக்கையர், நிமித்தகர் என்பவை பௌத்த காலத்துக் குருமார்களின் பெயர்கள், அந்த இடத்தை வேஷப் பிராமணர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று 1907-ல் தொடங்கிய தம் பத்திரிகையில் எழுதினார். 1999-ல் பண்டிதரின் எழுத்துகள் தொகுப்பாக வந்தபோது என் கூட்டாளி ராத்திரி பகலாகப் படித்தான். “பண்டிதர் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஏடு எங்கடா? அதை நாமதான தேடணும்” என்றான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசி வரைக்கும் விடவில்லை.

அவனுக்குத் தன் சாதிப் பெருமை பேசத் தெரியாது. வள்ளுவர்கள் எங்கள் வீடுகளில் கை நனைக்க மாட்டார்கள். பட்டியலில் இருக்கிற எங்களுக்குள்ளேயே படிக்கட்டு. அவன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே எங்க அம்மா கையால் களி வாங்கித் தின்றான். அவன் அப்பா விளாரை எடுத்தார். அடி வாங்கிக்கொண்டு மறுநாளும் வந்தான். அதே அப்பாவிடம் ஊர்க்காரன் இருட்டின பிறகு வருவான். தொலைந்த மாட்டுக்கும் பார்க்கணும், மகள் கல்யாணத்துக்கும் பார்க்கணும். தெருவில் நின்றே கேட்பான். காசைத் திண்ணையில் போடுவான், கையில் தரமாட்டான்.

அந்தத் திண்ணையில்தான் அவன் தாத்தா சோழி பரப்பிக் கணக்குப் போடுவாராம். வாக்கியக் கணிதம். சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், வரருசி பேரால் வழங்குபவை. கேட்பதற்குச் சொல் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது எண். எழுத்துக்கு ஒரு எண் என்று கடபயாதி முறையில் பிரித்தால் அந்த நாளில் சந்திரன் நிற்கும் இடம் வரும். சந்திரன் ஒரு சமயம் வேகமாகவும் ஒரு சமயம் மெதுவாகவும் போகும். அந்தச் சுற்று ஒன்பது முடிய ஏறக்குறைய 248 நாள். முடிந்ததும் மறுபடி முதல் வாக்கியம். சமஸ்கிருதம் படிக்க விடாத சாதியில் பிறந்த கிழவர் அத்தனையையும் வாயிலேயே வைத்திருந்தார்.

இதையெல்லாம் என் கூட்டாளி சும்மா வாய்க்கு வந்தபடி பேசவில்லை. 1825-ல் சென்னையில் அச்சான ஜான் வாரனின் ‘கால சங்கலித’ நூலைத் தேடிப் படித்தான். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கிற ஒருவர் தரையில் சோழி வைத்து, மனப்பாடமாகவே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் அதில் பதிந்திருக்கிறார். அதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தீல், 1765 ஆகஸ்டு 30 கிரகணத்தைத் தமிழர் முறையில் கணித்தபோது நேர அளவில் 41 விநாடிதான் பிசகு, ஐரோப்பிய அட்டவணையில் 68 விநாடி பிசகு என்று எழுதி வைத்தார். நான் சந்தோஷத்தில், “அப்ப புதுச்சேரிக்காரரும் வள்ளுவர்தான்னு எழுதிடலாமா?” என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆதாரம் இல்லாம எழுதுனா அவனுக்கும் நமக்கும் இன்னாடா வித்தியாசம்?” என்றான்.

அவன் சேர்த்ததில் பெரியது கணித ஏடு அல்ல, பிறப்புக் குறிப்புகள்தான். நாலு தலைமுறையாகச் சுற்றுப்பட்டுச் சேரிகளில் பிறந்த பிள்ளைகளின் வருஷம், மாசம், நாழிகை, தாய் தகப்பன் பெயர். முதலில் ஓலையில், பிறகு நோட்டில். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நம் பிள்ளைகளுக்கு ஜூன் மாசத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு அந்தத் தேதியும் இல்லை. தாது வருஷத்துப் பஞ்சம், அதாவது 1876-77, வந்த இடத்தில் ஓலையில் குறிப்புகள் மெலிந்து, பிறகு பல மாசம் ஒன்றுமே இல்லை. அந்த வெற்று ஓலையை அவன் என்னிடம் காட்டினான். ஒன்றும் பேசவில்லை.

2008-ல் எங்க அம்மாவுக்கு முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டோம். ரேஷன் கார்டில் வயசு 52 என்று இருந்தது. அவன் நோட்டில் விஷு வருஷம் மாசி மாசம். அப்படியென்றால் 1942, வயசு 66. ஆபீசில் நோட்டைத் தள்ளிவிட்டு, “ஜோசியம் அத்தாட்சியா?” என்று கேட்டார்கள். ஒரு சுவடி நிலையத்துக்கு அவன் கட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது கேட்ட கேள்வி வேறு: “யார் வீட்டுச் சுவடி இது? உங்கிட்ட எப்படி வந்தது?” கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

2001-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தைப் பட்டப் படிப்பாக்கியது. 2004-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. நான் எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தேன், அறிவியல் இல்லை என்று. அவனும் எதிர்த்தான். “வேத ஜோதிடம்னு பேர் வச்சிட்டான் பாரு. எங்க தாத்தன் வச்ச சோழி எந்த வேதத்துல கீது?” என்றான். பலன் பொய் என்பதில் நான் கடைசி வரைக்கும் உறுதி. பலன் மெய் என்பதில் அவனும் உறுதி. ஆனால் கணக்குப் போட்டவன் யார் என்ற கேள்வி வேறு. வானத்தை அளந்தவனைத் தெருவில் நிற்க வைத்து, பிறகு அவனுக்கு எழுத்தே தெரியாது என்று வரலாறு எழுதினார்களே, அதற்குப் பதில் அந்த ஓலைகளில் இருக்கிறது.

குடிசைக் கூரையில் ஓலை எத்தனை காலம் நிற்கும்? மழையில் ஒழுகினது பாதி, கரையான் தின்றது பாதி. ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டது, கலவரத்தில் கூரையோடு எரிந்தது என்று மிச்சமும் போயிற்று. அவனிடம் தப்பியவை மூன்று கட்டும் பதினோரு நோட்டும். அவன் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள், ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைக்கிறாள். நாள் பார்க்க அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்கிறாள். எனக்கும் அதுதான் சம்மதம்.

தோழர்களே, உங்கள் சேரியிலும் ஒரு வள்ளுவர் வீடு இருக்கும். பரணில் ஏதாவது மிச்சம் இருக்கும். ஜாதகம் கேட்கப் போகாதீர்கள். ஏட்டைக் கேட்டுப் போங்கள்.