இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு

விடுமுறைக்கு வந்து நின்ற மருமகனின் அறையில் இரவு ஒரு மணிக்கும் வெளிச்சம் தெரிந்தது. உயர்தரப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. கணினியில் கேம் விளையாடுகிறான் என்று தெரியும். ஏசிவிட்டு வருவோம் என்றுதான் எழும்பிப் போனோம். சுபஹு பாங்கு கேட்கும்வரை அவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

படிப்பிக்கிறவர்கள் கேம் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேமின் பெயர் ஃப்ரொஸ்ட்பங்க். போலந்தின் வார்சோ நகரிலுள்ள 11 பிட் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் 2018 ஏப்ரலில் வெளியிட்டது. கதை நடப்பது 1886இல். எரிமலைகள் வெடித்து, சூரியன் மங்கி, உலகமே உறைந்து போகிறது. லண்டனை விட்டு வடக்கே வந்த 80 பேர், நிலக்கரியில் எரியும் ஒரு பெரிய உலையைச் சுற்றிக் குடியேறுகிறார்கள். உலை அணைந்தால் எல்லோருக்கும் முடிவு. விளையாடுகிறவர்தான் அந்த நகரின் தலைவர்.

அந்த 80 பேரில் 15 பேர் சிறுவர்கள்.

தலைவர் முன்னால் ஒரு சட்டப்புத்தகம் திறக்கிறது. சிறுவர்களை என்ன செய்வது? வேலைக்கு அனுப்பலாம். அல்லது காப்பகம் கட்டிப் பாதுகாக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். ஒப்பமிட்ட சட்டத்தைத் திரும்பப் பெறவும் முடியாது.

மருமகன் யோசிக்கவே இல்லை. "புள்ளைகளையும் வேலைக்குப் போட்டாத்தான் மாமா கரி காணும்" என்றான். முதலில் ஆபத்தில்லாத வேலைகள் மட்டும். கொஞ்ச நாளில் குளிர் கூடியது, கரி குறைந்தது. அடுத்த சட்டம், எல்லா வேலைகளும். பிள்ளைகள் சுரங்கத்துக்குள் போனார்கள். ஒரு பிள்ளை விபத்தில் சிக்கியதாகத் திரையில் செய்தி வந்தது. அவன் வாசித்துவிட்டு மூடினான்.

மக்கள் மனம் தளர்ந்தபோது இன்னுமொரு தெரிவு வந்தது. ஒழுங்கு என்றொரு பாதை, நம்பிக்கை என்றொரு பாதை. ஒன்று காவலர்களில் தொடங்குகிறது, மற்றது வணக்கத்தலத்தில் தொடங்குகிறது. நிறுத்தாமல் போனால் இரண்டுமே தலைவரை எவரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. நம்பிக்கையை இப்படிக் காட்டுவது முதலில் எமது மனதைக் குத்தியது. பிறகுதான் விளங்கியது, அது பழிப்பது நம்பிக்கையை அல்ல, அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிற தலைவரை.

கடைசியில் பெரும் பனிப்புயல் வருகிறது. குளிர் மைனஸ் 150 பாகைவரை இறங்குகிறது. மருமகனின் நகரம் தப்பியது. அவன் கையைத் தூக்கிச் சிரித்தான். அப்போது அவன் போட்ட சட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திவிட்டு, இவ்வளவும் தகுமா என்று கேம் அவனையே கேட்டது.

அவனுக்குக் கோபம். "எல்லாரையும் காப்பாத்தித்தானே குடுத்தேன் மாமா, இன்னும் என்ன கேக்குது இது?"

அடுத்த நாள் இந்த கேமைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடி வாசித்தோம். வெளியாகி மூன்று நாட்களுக்குள் 250,000 பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. விமர்சகர்களின் புள்ளிகளைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் கணினிப் பதிப்புக்கு 100க்கு 84. பதற்றத்தையும் பனியின் அழகையும் தெரிவுகளின் பாரத்தையும் பெரும்பாலானவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். குறையும் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் மூன்று கதைகள் மட்டும்தான் இருந்தன, ஒருமுறை முடித்தால் திரும்ப விளையாடப் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள்.

இரண்டு குறைகள் எம்மை நிறுத்தி வைத்தன. ஒன்று, மருமகன் கேட்ட அதே கேள்வி. குளிரையும் பசியையும் தந்து நெருக்கியதும் கேம், கடைசியில் தீர்ப்புச் சொல்வதும் கேமா? விளையாடிய பலருக்கு இந்த மனக்குறை இருந்திருக்கிறது. ஆனால் சிறுவர்களை வேலைக்கு அனுப்பாமலும் அந்த நகரைக் காப்பாற்ற முடியும். கடினம், ஆனால் முடியும். வேறு வழியே இல்லை என்பது கேம் சொன்னதல்ல, எமது மருமகன் சொன்னது.

மற்றது, அந்த நகரத்து மனிதர்கள் மனதில் நிற்பதில்லை என்பது. இதே நிறுவனம் 2014இல் திஸ் வோர் ஒஃப் மைன் என்றொரு கேம் வெளியிட்டது. சரஜேவோ முற்றுகையை நினைவில் வைத்து, யுத்தத்தில் அகப்பட்ட பொதுமக்களைப் பற்றிச் செய்தது. போலந்து அரசு அதை உயர்தர வயது மாணவர்களுக்கான பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக 2020இல் அறிவித்தது. அதில் ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு. ஃப்ரொஸ்ட்பங்கிலோ மேலிருந்து பார்த்தால் எல்லோரும் புள்ளிகள், எண்ணிக்கைகள். இதைச் சில விமர்சகர்கள் குறையாகச் சொல்கிறார்கள்.

எமக்கு அது குறையாகப் படவில்லை. அந்தக் கேமில் ஆக உண்மையான இடமே அதுதான் என்று பட்டது. காரணத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை, மூடிய பாடசாலைகள். திரும்பத் திறந்தபோது எமது தரம் 9 வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை. வாப்பா முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். ஒருநாள் வந்து வாசலில் நின்றார். "கடையொன்டில நிக்கிறான் சேர், கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். "சரி" என்றோம். அவ்வளவுதான் சொன்னோம்.

16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது எமக்குத் தெரியாததா? ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்து, பரீட்சையும் எழுதி வந்தவர்கள் நாம். ஆனால் அன்று எமக்கு முன்னால் இருந்தது பிள்ளை அல்ல, இடாப்பு. சில மாதங்கள் கழிந்ததும் அந்தப் பெயரின்மேல் சிவப்புக் கோடு போட்டோம். அடுத்த மாதம் வகுப்பின் வரவு வீதம் கூடியிருந்தது. கூட்டத்தில் அதற்குப் பாராட்டும் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டோம்.

அவன் வாப்பாவை நாம் குறை சொல்லவில்லை. அவர் வீட்டில் உலை அணையப் போகிறது என்று ஓடிவந்தவர். வந்தவரிடம் நாலு கேள்வி கேட்டிருந்தால், காலையில் பாடசாலை பின்னேரம் கடை என்றாவது ஒரு வழி கண்டிருக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ பழைய மாணவர்களிடமோ கதைத்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அந்தச் "சரி"தான் எமது ஒப்பம்.

சென்ற மாதம் ஆணி வாங்க ஒரு கடைக்குப் போனோம். சீமெந்து மூடை இறக்கிக்கொண்டிருந்த இளைஞன் ஓடி வந்தான். அவன்தான். "எங்கட சேர், பாத்துப் போடுங்க" என்று முதலாளியிடம் சொல்லி விலையைக் குறைக்க வைத்தான். வீடு வரும்வரை அந்த ஆணிப் பொதி கையில் கனத்தது.

இரண்டாம் இரவு மருமகன் காப்பகம் கட்டி விளையாடினான். கரி போதவில்லை. மக்கள் கோபப்பட்டு அவனை நகரை விட்டுத் துரத்திவிட்டார்கள். மூன்றாம் இரவு, அதே சிறுவர்களைப் பொறியியலாளர்களுக்கு உதவியாகப் பயில வைத்தான். ஆய்வுகள் விரைந்தன. நகரம் மெலிந்து, நடுங்கி, தப்பியது. "கஷ்டம்தான் மாமா, ஆனா ஏலும்" என்றான்.

இப்போது எமது இடாப்பில் மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நாலாம் நாள் போகிறோம். இந்தத் தவணையில் இரண்டு வீடுகளுக்குப் போனோம். ஒரு பிள்ளை திரும்பி வந்திருக்கிறது. மற்றப் பிள்ளைக்காக இன்னும் நடக்கிறோம்.

இதை வாசிக்கிறவர்களில் கடைக்காரர்கள் இருக்கிறீர்கள், பெற்றோர் இருக்கிறீர்கள், எம்மோடு படிப்பிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். பாடசாலை நேரத்தில் ஒரு பிள்ளை எங்காவது மூடை தூக்குவதைக் கண்டால், பெயரை இங்கே எழுத வேண்டாம். எமக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். போய்ப் பார்க்கிறோம்.