அரிதானதற்கு யார் ஜாமீன்?

வாழப்பாடியில் கணினி என்பது பழைய கணக்குப்பிள்ளையின் இடத்தில் அமர்ந்திருக்கும் ஒரு பொருள். பாக்கு மண்டியானாலும் சேகோ ஆலையானாலும் வெள்ளிக்கிழமை அதற்கும் குங்குமம் உண்டு. இத்தகைய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். சிற்றிதழ்களைத் தேடி வாசிப்பது என் பழக்கம். இவ்விரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்ததைப் பற்றியே இங்கு எழுத நினைக்கிறேன்.

பழைய வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் காவல் நிலையச் சுவரில் ஒட்டப்பட்ட திருடர் படங்களைப் போன்றவை. படத்தில் இருப்பவனைப் பிடிக்கும், புதியவனை விட்டுவிடும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகமோ நாளொன்றுக்கு நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தீநிரல்களும் வேண்டாத நிரல்களும் பதிவாவதாகச் சொல்கிறது. இத்தனை படங்களை எந்தச் சுவர் தாங்கும்? ஆகவே நல்லவையும் கெட்டவையுமாகக் கோடிக்கணக்கான கோப்புகளைக் காட்டி இயந்திரத்தைப் பழக்கினார்கள். முன்பின் பார்த்திராத கோப்பையும் அதன் அமைப்பு, நடத்தை, வந்த வழி ஆகியவற்றைக் கொண்டு அது எடைபோடுகிறது.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. 2018 மார்ச் 6ஆம் தேதி டோஃபாயில் என்ற தீநிரலின் புதிய வகையொன்று பரவத் தொடங்கியபோது, மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் அதன் நடத்தையை வைத்தே முதலில் 80,000 தடவைக்கும் மேல் தடுத்தது. அடுத்த 12 மணி நேரத்தில் அந்த எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது. மனிதர் ஒருவர் அமர்ந்து ஆராய்ந்து படம் வரையும் வரை காத்திருந்தால் இது நடந்திராது.

'நம்மூரை யார் சார் தாக்கப் போறாங்க?' என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் நிறுவனம் பிணைப்பணம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை தற்காலிகமாக நின்றுபோனது. சிறியவராக இருப்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் சிறியவராக இருப்பதே சில வேளைகளில் குற்றமாகிவிடுகிறது. அதைத்தான் சென்ற தை மாதம் எங்கள் வட்டாரத்து ஆலை ஒன்றில் கண்டேன்.

அங்கே குச்சிக்கிழங்கு எடைபோடுவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் இளைஞர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. லாரியின் எடையை வாங்கி, மண்ணுக்கும் தூருக்கும் கழிவு போட்டு, மாவுச்சத்துப் புள்ளிக்கு ஏற்ப விலை கணக்கிட்டுத் தமிழில் சீட்டு அச்சிடும். புதிதாக வாங்கிய செயற்கை நுண்ணறிவுக் காவல் மென்பொருள் ஒரு காலையில் அதைப் பிடித்துச் சிறையில் வைத்துவிட்டது. காவலின் பார்வையில் குற்றச்சாட்டுகள் நியாயமானவையே. நிரலை வெளியிட்டவரின் மின்கையொப்பம் இல்லை. எடைமேடைக் கருவியோடு நேரடியாகப் பேசுகிறது. அடுத்தடுத்துக் கோப்புகளைத் திருத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உலகில் வேறு எவரிடமும் இது இல்லை. பலரிடம் இருப்பது நம்பத்தக்கது, அரிதாக இருப்பது ஐயத்துக்குரியது என்பது இத்தகைய காவல்களின் கணக்குகளில் ஒன்று.

வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் உள்ளே கருநீலக் கோடு விழுந்து கெடத் தொடங்கும். 'ஏங்க, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்னா என் கிழங்கு என்னங்க பண்ணும்?' என்று ஒரு பெரியவர் கேட்டார். மேலாளர் என்னிடம், 'அந்தக் காவலையே தூக்கிப் போட்டுடுங்க சார்' என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

காவலை நீக்கினால் ஆலையின் கணக்கு முழுவதும் திறந்த வீடாகிவிடும். அந்த மென்பொருள் இருக்கும் கோப்புறைக்கே விலக்கு அளித்தால், நாளை மெய்யான திருடன் அங்கேயே வந்து படுத்துக்கொள்வான். ஆகவே அந்தப் பழைய நிரலை, அலமாரியில் வைத்திருந்த அதன் மூலக் குறுந்தகட்டுப் பிரதியோடு ஒப்பிட்டேன். கோப்பின் கைரேகை எனத்தக்க 64 எழுத்துக் குறியீடு இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அந்த ஒரு குறியீட்டுக்கு மட்டும் விலக்கு அளித்தேன். நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் விலக்கு செல்லாது. பகல் பதினோரு மணிக்கு எடை தொடங்கியது. அதுவரை சீட்டுகளைக் கையால் எழுதினார்கள்.

அறிமுகமானதை நம்பும் குணத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2019இல் ஸ்கைலைட் சைபர் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சைலன்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவுக் காவலைச் சோதித்தார்கள். கணினி விளையாட்டு ஒன்றிலிருந்து எடுத்த எழுத்துச் சரங்களைத் தீநிரல்களின் வாலில் ஒட்டினார்கள். அவற்றுள் பலவற்றை நல்லவை என்று காவல் உள்ளே விட்டது. நிறுவனம் பின்னர் அதைத் திருத்திக்கொண்டது. ஊரறிந்த சட்டையை அணிந்து வந்தவனுக்குக் கதவு திறந்தது. வாழப்பாடியின் எடை நிரலுக்கு அந்தச் சட்டை இல்லை.

முந்நூறு பிரதிகள் அச்சிடும் பத்திரிகைகளை வாசித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. எண்ணிக்கையை மதிப்பாகக் கொள்ளும் எந்தத் தராசிலும் அது தட்டு இறங்காது. அதை வாசித்தவர் ஒருவர், 'நான் படித்தேன், நல்லது' என்று இன்னொருவரிடம் சொல்வதாலேயே அது உயிர்வாழ்கிறது. இயந்திரம் உலகத்தை அறியும். இந்த ஆலையை அறியாது. அறிந்தவர் பக்கத்தில் இருந்து, சோதித்துப் பார்த்து, ஜாமீன் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடை நிரலை எழுதிய இளைஞர் ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த 64 எழுத்துகளையும் மேலாளர் தம் கையாலேயே பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே கையொப்பம் இட்டுக்கொண்டார்.